செண்பகா அக்காவின் படபடப்பு

...தைரியம், தைரியம்னு நான் பேசிக்கிட்டே போனா மூணாவது வரிசையில கொட்டாவி வந்துடும். வந்துடுச்சு, பார்த்துட்டேன்! அதனால இப்போ ஒரு குட்டிக் கதை சொல்றேன், கேளுங்க. காதல் கதை... ஆங், எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்துட்டீங்க! தலைமையாசிரியை அம்மா, நீங்க கவலைப்படாதீங்க. கதையில கொஞ்சம் மருத்துவமும் இருக்கு.

எங்க தெருவுல செண்பகவல்லின்னு ஒரு அக்கா. மருத்துவக் கல்லூரியில மூணாம் வருஷம். கெட்டிக்காரி. ஆனா அவங்களுக்கு ஒரு வியாதி. என்ன வியாதி? எல்லா வியாதியும்! புத்தகத்துல எந்த நோயைப் படிச்சாலும் அது தனக்கு இருக்குன்னு தோணிடும். மருத்துவம் படிக்கிறவங்க நிறைய பேருக்கு இப்படி வருமாம். சிறுநீரகம் படிச்ச வாரம் சிறுநீரகம் போச்சு. நுரையீரல் படிச்ச வாரம் நுரையீரல் போச்சு. விடுதியில கூட இருக்கிற தோழி ரஃபீக்கா, காலையில எழுந்ததும் கேட்பாங்க: "ஏட்டி, இன்னிக்கு உனக்கு என்ன நோய்? சீக்கிரம் சொல்லு, நான் குளிக்கப் போணும்."

அக்காவும் சேர்ந்து சிரிப்பாங்க. சிரிச்சுச் சிரிச்சு என்ன ஆச்சு? நிஜமாவே ஒண்ணு வந்தப்போ... வாய் திறக்க முடியல.

நெஞ்சு படபடன்னு அடிக்குது. தூக்கம் வரல. கை நடுங்குது. ஊசி பிடிச்சு ரத்தம் எடுக்கப் பழகற நேரம் அது. அப்போ கை நடுங்கினா என்ன செய்யறது? வார்டுல ஒரு பெரியவர் அக்காவோட கையைப் பார்த்தார்... தன் கையை எடுத்துப் போர்வைக்குள்ள ஒளிச்சுக்கிட்டார்! வார்டே சிரிச்சுது. அக்காவும் சிரிச்சாங்க. அப்புறம் குளியலறைக்குப் போய் அழுதாங்க. 'நான் இதுக்கு லாயக்கில்ல. இந்த மாசத்தோட படிப்பை விட்டுடறேன்'னு மனசுக்குள்ள முடிவே பண்ணிட்டாங்க. யார்கிட்டயாவது சொன்னாங்களா? சொல்லல. சொன்னா ரஃபீக்கா என்ன கேட்பாங்க? "இது புது நோயா, பழசா?"ன்னுதானே கேட்பாங்க!

இதுக்கு நடுவுல இன்னொரு விஷயம். கூடப் படிக்கிற இசக்கிராஜான்னு ஒரு அண்ணன். அவரைப் பார்த்தா படபடப்பு இன்னும் கொஞ்சம் கூடுது. அக்கா உட்கார்ந்து யோசிச்சாங்க. தூக்கமில்ல... நெஞ்சு அடிக்குது... உடம்பு இளைக்குது... இதுக்குப் புத்தகம் எதுக்கு? இது காதல்! இதுதான் படிப்பைக் கெடுக்குது. சொல்லித் தொலைச்சுட்டா கை நடுக்கம் நின்னுடும்!

நேரா கேன்டீன். இசக்கிராஜா உளுந்த வடையைப் பிச்சுக்கிட்டு இருக்கார்.

"இசக்கி... ஒண்ணு சொல்லணும். எனக்குக் காதல் வந்துடுச்சு. உன் மேல."

வடை வாய்க்குப் போற வழியில நின்னுடுச்சு.

"எ... எப்படித் தெரியும்?"

"நெஞ்சு கிடந்து அடிக்குது, இசக்கி. உன்னைப் பார்த்தா."

சினிமான்னா இந்த இடத்துல பாட்டு வந்திருக்கும். அவர் என்ன கேட்டார் தெரியுமா?

"என்னைப் பார்க்காதப்போ?"

"...அப்பவும் அடிக்குது."

"மெஸ் சாம்பாரைப் பார்த்தா?"

"அடிக்குதே!"

"பசி எப்படி?"

"ரெண்டு ஆள் சாப்பாடு சாப்பிடறேன். ஆனா சுடிதார் எல்லாம் லூசாயிடுச்சு."

"வேர்க்குதா?"

"ஏசி போட்ட ஹால்ல எல்லாரும் துப்பட்டாவைப் போர்த்திக்கறாங்க. எனக்கு மட்டும் வேர்த்து ஊத்துது."

"கையை நீட்டு."

அக்கா வெட்கத்தோட நீட்டினாங்க. பிடிச்சுக்கப் போறார்னு நினைச்சாங்க! அவர் மேஜையில கிடந்த ஒரு காகிதத்தை எடுத்து, நீட்டின விரல் மேல வெச்சார். காகிதம் கிடுகிடுன்னு ஆடுது.

"தண்ணி குடி."

"எதுக்கு?"

"குடி, சொல்றேன்."

யோசிச்சுப் பாருங்க! காதலைச் சொன்ன பொண்ணு மடக் மடக்குன்னு தண்ணி குடிக்கிறாங்க. அந்த அண்ணன் கண்ணைப் பார்க்கல, கழுத்தைப் பார்க்கறார்! விழுங்கும்போது தொண்டையில லேசா ஒரு வீக்கம் ஏறி இறங்குது.

"செண்பகா... இதுக்கு நான் காரணம் இல்ல. தைராய்டா இருக்கும். வா, போய் ரத்தம் கொடுத்துட்டு வருவோம்."

அதேதான். தைராய்டு அளவுக்கு மேல சுரந்திருக்கு. இப்படியே விட்டிருந்தா இதயத்தையே பாதிச்சிருக்கும்னு டாக்டரம்மா திட்டினாங்களாம். ரஃபீக்கா ஓடி வந்தாங்க. "ஏன்டி என்கிட்டகூடச் சொல்லல?" அக்கா மெதுவாச் சொன்னாங்க: "சொன்னா நீ சிரிப்பே." அன்னிக்கு அந்த அறையில யாரும் சிரிக்கல.

மாத்திரை வேலை செஞ்சுது. நடுக்கம் நின்னுச்சு. படிப்பை விடற யோசனை போன இடம் தெரியல.

என்ன, எல்லாரும் என்னையே பார்க்கறீங்க? காதல் என்னாச்சுன்னா? சொல்றேன்! படபடப்பு அடங்கினதும் அக்கா மறுபடி அவர்கிட்ட போனாங்க. "இசக்கி, இப்போ நெஞ்சு ஒழுங்காத்தான் அடிக்குது. ஆனாலும் நீ வார்டுக்கு வரலேன்னா நான் வாசலையே பார்த்துக்கிட்டு நிக்கறேன். இதுக்கு என்ன பரிசோதனை எடுக்கணும்?"

அந்த அண்ணன் தலையைக் குனிஞ்சுக்கிட்டார். "எனக்கு முதல் வருஷத்துல இருந்தே அப்படித்தான். நான் எல்லாரையும் கேள்வி கேட்பேன், செண்பகா. என்னை யாரும் கேட்டதில்ல."

தோழிகளே, இதை ஏன் சொன்னேன்? செண்பகா அக்கா ஒவ்வொரு தடவையும் ஒரு பேரோட போய் நின்னாங்க. 'எனக்கு இந்த நோய்', 'எனக்குக் காதல்'னு. பேர் தப்பாத்தான் இருந்துச்சு. இருந்தா என்ன? வாயைத் திறந்தாங்களே! அதனாலதானே பிழைச்சாங்க? நாமளும் சரியான வார்த்தை கிடைக்கட்டும்னு காத்துக்கிட்டே இருக்கோம். பயமா, கோபமா, ஆசையா, வலியா... தெரியல, அதனால சொல்லல. எந்த டாக்டராவது நம்மகிட்ட 'உனக்கு என்ன நோய்?'னு கேட்கறாங்களா? 'என்ன பண்ணுது?'ன்னுதானே கேட்கறாங்க! பேர் வைக்கறது நம்ம வேலை இல்ல. 'எனக்கு என்னவோ பண்ணுது'ன்னு சொன்னா போதும்.

யாராவது வந்து அப்படிச் சொன்னா... தயவுசெய்து சிரிக்காதீங்க. பக்கத்துல உட்காருங்க. அடுத்த கேள்வியைக் கேளுங்க.