நல்லவன்னு நான் சொல்லல

“ஹலோ... ஆமா, டிம்ப்னா தான். இந்த வீட்டுல வேற யாரு இருக்கா?... ம்... சொல்லு ஃபின்டன்... இப்பதான்டா சர்ச்சுல பூசை முடிஞ்சு வந்தேன், கோட்டைக்கூடக் கழட்டல... கேக்குது, கேக்குது. கத்தாத.”

டிம்ப்னா ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு கோட்டுப் பொத்தான்களை அவிழ்த்தாள். அத்லோன் நகரத்தில் இருக்கும் தம்பி மாதம் ஒருமுறை, ஞாயிறு சாயங்காலம் கூப்பிடுவான். உடம்பு எப்படி, மழை எப்படி என்று நாலு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிடுவான். இன்று நண்பகலிலேயே கூப்பிட்டிருக்கிறான் என்றால் விஷயம் வேறு.

“என்ன தாள்?... யார் கையெழுத்து, என் கையெழுத்தா?... இரு, இரு. மூச்சு விட்டுப் பேசு... ஆமா... ஆமா, ஸ்கேலன் கடை. போன சனிக்கிழமை. தெரியும்டா, ஊருக்கே தெரியும்... நான் அங்க இருந்தேன்னு உனக்கு யாரு சொன்னா?... ரோனனா?... ஓஹோ.”

ரோனன் ஃபின்டனின் மகன். இங்கே கில்டரின் ஊரில், டிம்ப்னா வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, டிராக்டர் பட்டறையில் வேலை பார்க்கிறான். போன சனிக்கிழமை மார்ட்டி ஸ்கேலனின் ரேஸ் கடையில் ஒரு குதிரை மேல் இருநூறு யூரோ கட்டினான். ஒன்றுக்குப் பதினாலு. குதிரையும் ஜெயித்தது. ஆனால் மார்ட்டி இருநூறை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டு, இது பந்தயம் ஆரம்பித்த பிறகு வந்த சீட்டு, செல்லாது என்று சொல்லிவிட்டார். கிழவர் சீட்டில் நேரம் அச்சடிக்கும் மெஷினைத் திருத்திவிட்டார் என்று ரோனன் போலீஸில் புகார் எழுதிக் கொடுத்தான். ஸ்கேலன் குடும்பம் மூன்று தலைமுறையாக நடத்தும் கடை அது. யோக்கியமான ஆள் என்று போலீஸ் சான்று தராவிட்டால் அந்தத் தொழிலைச் செய்ய முடியாது. மார்ட்டி அந்தச் சான்றைப் புதுப்பிக்க வேண்டிய மாதம் இது.

புகாருக்கு ஒரு சாட்சி வேண்டும். அதற்குத்தான் ஃபின்டன் கூப்பிட்டிருக்கிறான்.

“ம்... படி, கேக்குறேன்... ‘குதிரைகள் கிளம்பும் முன்பே’... ம்... ‘என் கண் முன்னால்’... யாரு எழுதினது, வக்கீலா? அழகா எழுதியிருக்கான்... ஆமா, நான் அங்க நின்னேன். ஆமா, ரோனனைப் பாத்தேன்... இருடா, அதுக்குள்ள தேங்க்ஸ் சொல்லாத. நான் பாத்தது வேற.”

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“சொல்றேன், கேளு. நான் வேலை பாக்குற மருந்துக்கடையில இருந்து மார்ட்டிக்கு இதய மாத்திரை எடுத்துக்கிட்டுப் போனேன். பன்னெண்டு வருஷம் கழிச்சு அந்த வாசப்படியை மிதிச்சேன்... ஆசைப்பட்டாடா போனேன்? முதலாளியம்மா சொன்னாங்க, போனேன். உள்ள டிவியில குதிரை ஓடிக்கிட்டிருக்கு. அஞ்சு பேரு வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கிறாங்க. மார்ட்டி மாத்திரைப் பையை வாங்கறதுக்குக் கல்லாவை விட்டு என் பக்கம் வந்தாரு. அப்பதான், எல்லாரும் பணம் கட்டியிருந்த குதிரை வேலி தாண்டுறப்ப விழுந்துச்சு. கடையே ‘ஐயோ’ன்னு கத்துச்சு. அந்தச் சத்தத்துல தான் நான் டிவியையே திரும்பிப் பாத்தேன்... முடிக்க விடு... அதுக்கு அப்புறம் வந்தான் உன் பையன். நடைபாதையில இருந்து, கையில போனோட. என்னை இடிச்சுத் தள்ளிட்டு உள்ள ஓடினான், பை கீழ விழுந்துச்சு. கல்லாவுல ஓர்லான்னு ஒரு பொண்ணு, வேலைக்கு வந்து ஒரு வாரம் ஆகல. அவ கையில சீட்டைத் திணிச்சான். அது பாவம், பதறிப்போய் வாங்கி அடிச்சிடுச்சு.”

ரிசீவரில் இரைச்சல். அவள் அதைக் காதிலிருந்து ஒரு விரற்கடை தள்ளிப் பிடித்தாள்.

“இல்ல... இல்லடா, முன்னாடி இல்ல. அப்புறம்... அந்த அஞ்சு பேரா? அவங்க கண்ணு டிவியை விட்டு நகரல, அவங்களுக்கு என்ன தெரியும்?... என் கண்ணுக்கு ஒண்ணும் இல்ல. டாக்டர் கிறுக்கின மருந்துச் சீட்டையே படிக்கிறவ நான்.”

ஃபின்டன் குரலை மாற்றினான். சின்ன வயதில் மிட்டாய் கேட்கும்போது இறங்கும் அதே குரல்.

“இப்ப எதுக்கு ஜார்லத்தை இழுக்குற?... வேண்டாம் ஃபின்டன்... நீ எனக்கு ஞாபகப்படுத்த வேண்டியதில்ல.”

ஜார்லத் அவள் கணவன். இறந்து ஆறு வருடம் ஆகிறது. நல்ல உழைப்பாளி. சனிக்கிழமை மட்டும் அவன் கால் அவன் பேச்சைக் கேட்காது. ஆற்றோரம் இருந்த நாலு ஏக்கர் மேய்ச்சல் நிலம் ஸ்கேலன் கல்லா வழியாகத்தான் போயிற்று. ஒருநாள் டிம்ப்னா நேரே அந்தக் கடைக்குப் போய், பத்துப் பேர் பார்க்க, இனிமேல் என் புருஷனிடம் பணம் வாங்காதீர்கள் என்று கேட்டாள். மார்ட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பொண்டாட்டி சொல்றாங்கன்னு வயசு வந்த மனுஷனை வெளிய நிறுத்த முடியாதும்மா” என்றார். கல்லா மேல் இருந்த பேனா டப்பாவை எடுத்துச் சுவரில் எறிந்துவிட்டு வந்தாள். அன்றோடு சரி. தெருவில் எதிரே வந்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

“ஆமா, பிடிக்காது. இன்னிக்கும் பிடிக்காது. பூசையில சமாதானம் சொல்லிக் கை குடுக்குறப்பக்கூட அந்த ஆள் பக்கம் திரும்ப மாட்டேன், போதுமா?... அதனால? அதுக்காகத் திருடன்னு எழுதிக் குடுக்கணுமா?... சமயம் வந்திருக்கா? என்ன சமயம்? உன் காதுக்கே இது நல்லா இருக்கா?... டேய், நல்லவன்னு நான் சொல்லல. இளகின மனசுன்னும் சொல்லல. ஏமாத்துற ஆள் இல்லைன்னு சொல்றேன். அது வேற, இது வேற.”

அவள் எழுந்துவிட்டாள். தொலைபேசிக் கம்பி எட்டும் தூரம் வரை நடந்தாள், திரும்பினாள்.

“எப்படித் தெரியுமா? நாப்பது வருஷமா அந்தத் தெருவுல குப்பை கொட்டுறேன்!... சரி, கேளு. ஸ்ட்ரைக்குல பேங்க்கு எல்லாம் மாசக்கணக்கா மூடிக் கிடந்துச்சே, அப்ப அப்பா பால் பண்ணைச் செக்கை எங்க மாத்தினாரு?... உனக்கு எப்படித் தெரியும், நீ தொட்டில்ல கிடந்த. ஸ்கேலன் கடையில. மார்ட்டியோட அப்பா ஒரு பென்னி பிடிச்சுக்கல. பாதி ஊரு அந்த வருஷம் அப்படித்தான் சாப்பிட்டுச்சு... பழைய கதையா? சரி, புதுசு சொல்றேன். ஜார்லத் ஒரு தடவை நாலு குதிரை சேத்துக் கட்டினாரு, நாலும் வந்துச்சு. சீட்டு சட்டைப் பையில. நான் சட்டையைத் துவைச்சுப் போட்டுட்டேன்... சிரி, நல்லா சிரி. கூழாப் போச்சு. போய்க் கேக்க வெக்கப்பட்டுக்கிட்டு மனுஷன் வீட்டுலயே முடங்கிட்டாரு. ரெண்டு நாள் பாத்துட்டு மார்ட்டி தன்கிட்ட இருந்த நகலை எடுத்துக்கிட்டு வந்தாரு, இதே கதவுக்கு. எண்ணூத்தி நாப்பது பவுண்டு, அப்ப யூரோ வரல... வராம இருந்திருந்தா நாங்க எதைக் காட்டிக் கேட்டிருப்போம்? அந்தக் கூழையா?”

“... எந்தப் பந்தயக் கம்பெனி? உன் போன்ல வச்சிருக்கியே, அதுவா?... போன கிறிஸ்மஸுக்கு இதே சமையக்கட்டுல உக்காந்து புலம்பினது யாரு? ரெண்டு தடவை ஜெயிச்சதும், இனிமே ரெண்டு யூரோவுக்கு மேல கட்டக் கூடாதுன்னு சொல்லிட்டான்னு? அவன் யோக்கியன், இவரு திருடனா?... நல்லா இருக்குடா உன் நியாயம்.”

திடீரென்று அவள் நடை நின்றது.

“என்ன சொன்ன?... இல்ல, திரும்பச் சொல்லு... மார்ட்டிகிட்ட எவ்வளவு வாங்கினேன்னா கேட்ட?”

அடுப்பில் கோழி வெந்துகொண்டிருந்தது. பார்க்கத் தோன்றவில்லை.

“ஃபின்டன். அம்மா மூணு வருஷம் படுக்கையில கிடந்தப்ப உன்கிட்ட ஒரு காசு கேட்டேனா?... சொல்லு, கேட்டேனா?... அப்ப அந்த வாயை அலம்பு. அந்த ஆளு என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. உன் பையன் கடைக்கு நடுவுல நின்னு ‘திருட்டுக் கிழவா’ன்னு கத்துறான். நான் வாசல்ல நிக்கிறேன். எல்லாத்தையும் பாத்தவ நான்தான்னு அவருக்குத் தெரியும். ‘நீங்க பாத்தீங்கல்ல’ன்னு ஒரு வார்த்தை கேக்கல. குனிஞ்சு மாத்திரையைப் பொறுக்கிக்கிட்டு உள்ள போயிட்டாரு... கேட்டிருந்தா ஒருவேளை நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். கேக்கலடா. இந்த ஒரு வாரமும் கேக்கல.”

“... வீடா?... ஆமா, பாதி உன் பேருல தான் இருக்கு. அதுக்கு?... வித்துக்கோ... வித்துக்கோன்னு சொல்றேன்! நாளைக்கே ஆளைக் கூட்டிட்டு வந்து காட்டு. எனக்கு ரெண்டு பெட்டி போதும், மருந்துக்கடை மாடியில அறை காலியாத்தான் கிடக்கு. பயமுறுத்துறியா? யாரை?... கத்து, நல்லா கத்து. நான் பொய்யில கையெழுத்துப் போட மாட்டேன். நீ கேட்டாலும் போட மாட்டேன், அப்பாவே எந்திரிச்சு வந்து கேட்டாலும் போட மாட்டேன்... ரோனன் எங்க?... பக்கத்துல தான இருக்கான்? போனை அவன்கிட்ட குடு... குடுடா.”

வியாழக்கிழமை தோறும் ரோனன் அவள் வீட்டில்தான் சாப்பிடுவான். பட்டறைக் கிரீஸ் நாற்றத்தோடு வந்து உட்கார்ந்து, இரண்டு ஆள் சாப்பாட்டை ஒருவனே முடிப்பான். இந்த வியாழன் வரவில்லை. காரணம் அவளுக்கு அன்றே தெரியும்.

“ரோனன்... அத்தை தான்... சாப்பிட்டியா?... ம். நான் திட்டல. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். கடையில எல்லாரும் ஐயோன்னு கத்தினப்ப நீ எங்க நின்ன?... நான் மெஷினைப் பத்திக் கேக்கல... கடிகாரத்தைப் பத்தியும் கேக்கலடா. நீ எங்க நின்ன?”

அவள் அவசரப்படுத்தவில்லை.

“... ம்... வெளிய... ஆமா... போன்ல பாத்துக்கிட்டிருந்த. அது விழுந்ததும், இன்னொண்ணு தனியா ஓடுறது தெரிஞ்சதும்... ம்... காலு தானா ஓடுச்சு. சரி. ஒரு நொடி ஆசை. யாருக்கும் வரும். உங்க மாமாவுக்கு வாராவாரம் வந்துச்சு. ஆனா ஒண்ணு சொல்றேன் கேளு. அந்த மனுஷன் அந்தக் கல்லாவுல நாலு ஏக்கரைத் தொலைச்சாரு. ஒருநாள், ஒரே ஒரு நாள்கூட, கிழவன் ஏமாத்திட்டான்னு வீட்டுல வந்து சொன்னதில்ல. தோத்துட்டேன்னு தான் சொல்லுவாரு. நான் வாய்க்கு வந்தபடி ஸ்கேலனைத் திட்டுனா, ‘அவரு மேல தப்பு இல்ல டிம்ப்னா’ன்னு என்னை அடக்குவாரு... அதான்டா... அதனால தான் என்னால முடியாது.”

சொல்லி முடித்த பிறகுதான், இத்தனை வருடத்தில் இதை யாரிடமும் சொன்னதில்லை என்பது அவளுக்கு உறைத்தது.

“ஏய்... அழாத. இருபத்தஞ்சு வயசு ஆம்பளை... சரி, அழு. அழுதுட்டு உங்க அப்பாகிட்ட சொல்லு... இல்ல, நான் சொல்ல மாட்டேன். நான் சொன்னா கிழவிக்குப் புத்தி பிசகிடுச்சுன்னு சொல்லுவான். நீ சொல்லணும். உன் வாயால... இப்பவே. போனை வைக்காத, மேஜை மேல வை. நான் இங்கதான் இருக்கேன். போ.”

மேஜையில் எதுவோ இடிக்கும் சத்தம். பிறகு தூரத்தில், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல, ரோனனின் குரல். வார்த்தை பிடிபடவில்லை. நின்றது; மறுபடி தொடங்கியது. ஒரு நாற்காலி தரையில் உராய்ந்தது. டிம்ப்னா ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரே தம்பி. அவன் இனி பேசாமலே போகலாம்; வீட்டையும் விற்கலாம். நினைத்துப் பார்த்தாள். அப்படியே ஆனாலும் சொன்னதைத் திருப்பி வாங்கிக்கொள்ள மனம் வரவில்லை.

யாரோ போனை எடுத்தார்கள். மூச்சிலேயே தெரிந்தது, ஃபின்டன்.

“ஹலோ... ம், இருக்கேன்டா... இல்ல, நான் யார்கிட்டயும் சொல்லல. போலீஸ்கிட்டயும் போகல. நீ கூப்பிடுவேன்னு தெரியும், அதான் பொறுத்துக்கிட்டு இருந்தேன்... அவனை அடிக்காத... நீ கை ஓங்கினேன்னு தெரிஞ்சுது, அடுத்த பஸ்ல அங்க நிப்பேன்... மார்ட்டியா? எனக்கு எப்படித் தெரியும்? அதை அவர்கிட்ட தான் கேக்கணும். மன்னிச்சாலும் மன்னிப்பாரு, கதவைச் சாத்தினாலும் சாத்துவாரு. எதுவா இருந்தாலும் மூஞ்சிக்கு நேரா சொல்லுவாரு.”

பிறகு ஏதோ கேட்டான், மிக மெதுவாக. அவள் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“போலீஸ் ஸ்டேஷனா?... பத்து மணிக்குத் திறப்பாங்க... ஆமா, திங்கட்கிழமையும் பத்து தான்... புகாரைத் திரும்ப வாங்க ரெண்டு பேருமா?... ம். சரி... நானா? நான் அங்க இருப்பேன் ஃபின்டன். நீங்க வந்தாலும் இருப்பேன், வராட்டியும் இருப்பேன்... ஹலோ?... ஹலோ?”

வைத்துவிட்டான்.