ஒரு கண மௌனத்தை எழுத்தென்று கண்டுகொண்ட யசோதரா அவர்களுக்கு

சொல்லிழந்தோர்க்குச் சொல்லான செம்மனத்தீரே! பொறுமையால் பொலிந்த பெருந்தகையே! பேச்சுப் பயிற்சி வல்லுநர் யசோதரா அக்காவே! இன்று நீங்கள் பணி ஓய்வு பெறுகிறீர்கள். புகழுரைகளை அடுக்கினால் நடுவிலேயே எழுந்து போய்விடுவீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். ஆகவே உங்களை முன்னே இருத்தி, உங்கள் கதையொன்றை அவையறியச் சொல்கிறோம்.

யாழ்ப்பாணத்திலிருந்து சுவிற்சர்லாந்துக்கு அகதியாக வந்து, ஜெர்மன் மொழி கற்று, பேச்சிழந்தவர்களைப் பேசவைக்கும் படிப்பை அந்த மொழியிலேயே முடித்தவர் யசோதரா. எங்கள் மறுவாழ்வு நிலையத்துக்கு ஒருநாள், பக்கவாதத்தால் விழுந்த கெயோக்கி என்ற முதியவரைக் கொண்டுவந்தார்கள். ஹவாய்த் தீவொன்றில் பிறந்து, உர்சுலா என்ற சுவிஸ் பெண்ணை மணந்து, ஓஸ்டர்முண்டிகன் என்ற ஊரில் வாழ்ந்தவர். ஆங்கிலமும் ஜெர்மனும் அவரை விட்டுப் போயிருந்தன. மிஞ்சியது குழந்தைப் பருவத்து ஹவாய் மொழி. அந்த மொழி மனைவிக்கே தெரியாது. தொண்டை அடைத்து அடைத்து வந்த அந்தப் பேச்சை மருத்துவர்கள் திக்கல் என்றார்கள், பொருளற்ற ஒலி என்றார்கள். கேட்டதை விளங்கிக்கொள்ளாதவரை வீட்டுக்கு விட முடியாது, பராமரிப்பு இல்லத்துக்கே அனுப்பலாம் என்று பேச்சு எழுந்தது. உர்சுலா வராந்தாவில் நின்று அழுதார்.

யசோதராவுக்கு மனம் ஒப்பவில்லை. அவர் பிறந்த தீவின் பேச்சாக இருக்குமோ என்று ஹவாய் மொழி ஒலிப்பதிவுகளைத் தேடித் தேடிக் கேட்டார். ஐந்து உயிர், எட்டு மெய். அவ்வளவுதான் அதன் நெடுங்கணக்கு. தமிழைப் போலவே அங்கும் குறில் நெடிலானால் பொருள் மாறும். அந்த எட்டு மெய்களில் ஒன்று, தொண்டையை ஒரு கணம் மூடித் திறக்கும் ஒலி. ஒக்கினா என்பது அதன் பெயர். மறுநாள் காலை தாதி ஜெயகௌரியின் கையைப் பிடித்து இழுத்தார்.

"இது திக்கலில்லை, ஜெயகௌரி. இது ஒரு எழுத்து! 'கொவு' எண்டால் உன்ர. நடுவில அடைச்சு 'கொ-உ' எண்டால் என்ர."

"அப்ப மனுசன் விளங்கித்தான் கதைக்கிறாரோ, அக்கா?"

"அதைத்தான் பாக்கப் போறன். நீயும் வா."

கெயோக்கியின் சட்டையைத் தொட்டுக் காட்டினார். "கொ-உ லொலே" என்றார் கெயோக்கி. என் உடை. யசோதரா தன் சட்டையைத் தொட்டார். "கொவு லொலே" என்றார் அவர். உன் உடை. மாற்றி மாற்றிக் காட்டியும் அவர் ஒருமுறைகூடப் பிழைவிடவில்லை. ஜெயகௌரி ஓடிப்போய் மருத்துவர்களையும் உர்சுலாவையும் அழைத்துவந்தார். யசோதரா இரண்டு படங்களை நீட்டினார்: ஒன்று பராமரிப்பு இல்லம், மற்றது ஓஸ்டர்முண்டிகன் வீடு. கெயோக்கி வீட்டின் மேல் விரலை வைத்து, உர்சுலாவைப் பார்த்துச் சொன்னார்:

"கொ-உ ஹலே."

என் வீடு. மொழிபெயர்ப்பு யாருக்கும் தேவைப்படவில்லை. முடிவு மாறியது. நடக்கும் பலம் வந்ததும் அவர் மனைவியோடு வீடு திரும்பினார். அன்றிலிருந்து, புதிதாக வரும் எவரிடமும் சிறுவயதில் என்ன மொழி பேசினீர்கள் என்று கேட்காமல் எங்கள் நிலையத்தில் சிகிச்சை தொடங்குவதில்லை.

அக்கா, கெயோக்கியும் உர்சுலாவும் இதோ முன்வரிசையில் இருக்கிறார்கள். அவர் மொழியில் சகரமில்லை, தகரமில்லை, ரகரமுமில்லை. ஆகவே யசோதரா என்ற பெயர் அவர் வாயில் இயகோகலா ஆகிவிடுகிறது. எத்தனையோ பேருக்கு உச்சரிப்பைத் திருத்திய நீங்கள், அதை மட்டும் திருத்தவேயில்லை. உடல் தளராது, உள்ளம் வாடாது, உற்றார் சூழ நெடுங்காலம் நிறைந்து வாழ்க, எங்கள் இயகோகலா அக்கா!

என்றும் உங்கள் அன்பில்,
மறுவாழ்வு நிலையத்தின் தமிழ்ப் பணியாளர்கள்
லாங்கன்தால், சுவிற்சர்லாந்து