மரண அறிவித்தல் வாசிக்கும் படிப்பு

மடுல்சீமையில் பார்த்த வேலையை விட்டுவிட்டு நடந்து வந்த நான், பாதி வழியில் பதுளை பஸ்ஸில் ஏறினேன். முன் இருக்கையில் ஒரு தாயும் மகளும். மகள் மடியில் வானொலி அறிவிப்பாளர் படிப்புக்கான இரண்டு விண்ணப்பங்கள்.

"செத்தவங்க பேர வாசிக்கவா படிக்கப் போற?" என்றாள் தாய்.

"ரேடியோன்னா எல்லாந்தாம்மா வாசிக்கணும். அப்பா செத்தப்போ ரேடியோ அறிவித்தல்ல தோட்டத்துப் பேர விட்டுட்டாங்க. வேற யாரோன்னு நெனச்சு பெரியப்பா அடக்கத்துக்கே வரல."

"ரெண்டுல எது நல்லது?" என்றாள் தாய்.

"கொழும்புல மூணு வருஷப் பட்டம். பதுளையிலன்னா ஆறே மாசப் படிப்பு. பட்டம் இருந்தாத்தான் பெரிய எடத்துல எடுப்பாங்க."

"டாக்டர் எனக்கு அத்தன வருஷம் சொல்லலியே, புள்ள. சின்னத எடு. என் பேரயாவது நீ சரியா வாசி."

மகள் கொழும்பு விண்ணப்பத்தை நான்காக மடித்தாள். பஸ் குலுங்கக் குலுங்க மற்றதில் தன் பெயரை எழுதினாள்.

மறுநாள் காலை, பெரிய வேலைக்குக் காத்திராமல், வெலிமடையில் லீக்ஸ் காய்கறி கழுவும் வேலைக்குச் சேர்ந்தேன்.