அண்ணாச்சி கேட்ட சரிவு

மும்பையில் வாஷி போகும் ரயிலில் என் எதிரே தாராவிப் பெண்கள் இருவர் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"நீங்க ஊருக்குப் போயிருந்தப்ப, நாம வசூல் பண்ணிப் போடுத நடைபாதைக்கு யாரு நெறைய தந்தது தெரியுமாக்கா? நடக்கவே முடியாத மளிகைக்கடை அண்ணாச்சி."

"சக்கர நாற்காலில இருப்பாவளே, அவுகளா? எதுக்காம்?"

"நடைபாதை தொடங்குத எடத்துல மூணு படி கட்ட இருந்தோம்லா. படி வேண்டாம், சரிவாப் போடுங்க, செலவு என்னோடதுன்னுட்டாவ. நமக்கு அது தோணவே இல்ல பாருங்க."

"போட்டாச்சா?"

"போட்டாச்சு. நேத்து சாயங்காலம் அவுகதான் மொதல்ல போனாவ. கடைசி வரைக்கும் போயிட்டு வந்தாவ. வீட்டுக்குப் போலாமா அண்ணாச்சின்னு கேட்டேன்."

"என்ன சொன்னாவ?"

"இன்னொரு தடவ போயிட்டு வாரேன்னுட்டாவ."