பேர் வைக்காமல் பார்த்த வெடிப்பு

சீனி போடாத தேநீர்தான் ஐயா நான் குடிப்பது. கேட்காமலே அப்படிக் கொண்டுவந்து வைத்ததற்கு நன்றி. விசாரிக்க வந்தவர் நீங்கள். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். ஒன்றையும் மறைக்கும் பழக்கம் எனக்கில்லை.

பெயர் ஜெயரட்ணம். ஊர் கோப்பாய். லுணுகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் நலன்புரி உத்தியோகத்தர். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கூரை ஒழுகினாலும் குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் சனங்கள் என்னிடம்தான் வருவார்கள். நான் தோட்டத்தை நடத்துகிற துரையிடம் போவேன். முன்பெல்லாம் நான் சரியான முன்கோபக்காரன். பிரஷர் ஏற ஏறத் துரையோடு கத்தி, மேசையில் அடித்து, எப்படியோ நாலு தகரத்தை வாங்கிக் கொடுத்துவிடுவேன். அதெல்லாம் ஒரு பிழைப்பா?

போன வருஷம் கம்பனி எங்களைப் பண்டாரவளையில் ஒரு தியான முகாமுக்கு அனுப்பியது. கொழும்பிலிருந்து வந்த அம்மணி ஆளுக்கொரு தேயிலைக் கொழுந்தைக் கையில் கொடுத்து, பார்க்கச் சொன்னார். நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது. பேர் வைக்கக் கூடாது. வெறுமனே கவனிக்க வேண்டும். மற்றவர்கள் தூங்கி விழுந்தார்கள். எனக்கு அன்றே பிடிபட்டுவிட்டது.

திரும்பி வந்தபின், கூரை ஒழுகுகிறது என்று வந்தவர்களிடம், ஏன் அதைக் குறையாகச் சொல்கிறீர்கள், தண்ணீர் வருகிறது, அவ்வளவுதானே என்று விளக்கினேன். என் பிரஷர் இறங்கியது. தோட்டத்தின் தகரச் செலவும் இறங்கியது. தோட்டத்திலேயே பண்பட்ட மனிதன் நான்தான் என்று துரை என் தோளைத் தட்டினார்.

இந்த ஐப்பசியில் மழை விடாமல் ஊற்றியது. ஒரு காலையில் மேட்டு லயத்து இராக்கம்மா, படங்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள். கொழுந்தெடுக்கிறவள். மகள் பிள்ளை பெற்று வீட்டோடு இருந்தாள்.

"ஐயா, லயத்துக்குப் பின்னால மலை வெடிச்சுக் கெடக்குங்க. கை முழுசா உள்ள போவுது. குசினிக் கதவு சாத்த மாட்டேங்குது. பள்ளிக்கூடத்துக்குப் போய் இருங்கன்னு ஒரு வார்த்த சொல்லுங்க ஐயா. பச்ச ஒடம்புக்காரிய வச்சுக்கிட்டு நான் என்ன செய்வேன்?"

நான் சொல்லாமல் அவர்கள் லயத்தை விட்டுப் போகமாட்டார்கள். சொல்லாமல் பூட்டிவிட்டுப் போனால், அந்தக் காம்பரா அறையை வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிடுவது தோட்டத்து வழக்கம்.

குடையைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். உண்மையாகவே பார்த்தேன், ஐயா. அலட்சியம் என்று நீங்கள் எழுதினால் எனக்கு மனம் நோகும். சிவந்த மண்ணில் நீளமாக ஒரு பிளவு. அதன் அடியில் கலங்கல் தண்ணீர் குமிழியிட்டது. விரலை விட்டேன், குளிர்ந்தது. நெஞ்சில் பயம் ஒன்று எழும்பியது. அதையும் பேர் வைக்காமல் கவனித்தேன். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது. அடங்கிய பிறகு சொல்வதற்கு எதுவும் இருக்கவில்லை.

"என்னங்க ஐயா, ஆபத்துங்களா?"

"ஆபத்து எண்டிறது நாங்கள் வைக்கிற பேர்தான் அம்மா. பேரை விட்டிட்டுச் சும்மா பாருங்கோ."

பாவம், அவளும் பார்த்தாள். "அப்ப ஒண்ணுமில்லீங்களா? வயித்துல பால வாத்தீங்க ஐயா" என்று கும்பிட்டுவிட்டு, ஐயாவே வந்து பார்த்துவிட்டார், பயமில்லை என்று லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு போனாள். மூட்டை கட்டி வைத்திருந்தவர்கள் அவிழ்த்தார்கள். நான் அவளைத் திருத்தவில்லை. திருத்துவதும் ஒரு தீர்ப்புத்தானே?

அந்திக்கு, சோறு வடிக்கிற நேரம், மலை இறங்கியது. பால்மா வாங்கக் கடைக்குப் போயிருந்ததால் இராக்கம்மா தப்பினாள். மகளும் பேரப்பிள்ளையும் உள்ளே. லயம் இருந்த இடத்தில் செம்மண்தான் இருந்தது. அவள் என் சட்டையைப் பிடித்தாள்.

"படுபாவி, உன் வார்த்தைய நம்பித்தானேடா உள்ள இருந்தோம்!"

கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். முதலில் சூடு, பிறகு எரிவு, பிறகு ஒன்றுமில்லை. அவள்மேல் எனக்குக் கோபமே வரவில்லை என்பதையும் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

என் குவாட்டர்ஸும் அதே சரிவின் அடியில்தானே, அது மட்டும் ஏன் காலியாக இருந்தது என்று கேட்கிறீர்கள். ஆமாம், அன்று மத்தியானமே மனைவி சத்தியபாமாவைப் பதுளை பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். பயத்தினால் அல்ல. கால்கள் பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தன. நான் கவனித்துக்கொண்டு கூடப் போனேன். டிவியையும் அட்டைப்பெட்டியில் போட்டு ஏற்றினோம். பெட்டியின் மேல் 'கவனம், உடையும்' என்று கொட்டை எழுத்தில் எழுதியதும் நான்தான். பஸ்காரர்கள் எதையும் தூக்கி எறிகிறவர்கள், ஐயா. விஷயம் தெரிந்தவன் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லாவிட்டால், பாவம், அவர்களுக்கு எப்படித் தெரியும்?