புரோட்டாக்கடைப் பூனையின் வால்

குத்தாலநாதர் மேல சத்தியம், இந்தா விழுதே அருவி, அது மேல சத்தியம், நான் சொல்லுததுல ஒரு சொல்லு பொய்யின்னா எண்ணெ தேய்க்கிற இந்த ரெண்டு கையும் அழுகி விழட்டும் ஏட்டையா. சிரிக்காதிய. குப்புறப் படுத்துக்கிட்டுச் சிரிச்சா எண்ணெ மூக்குல ஏறிரும். தோளத் தளத்துங்க. ஆங், அப்படித்தான். என்ன இது, கல்லு மாதிரி இறுகிக் கெடக்கு? ஸ்டேஷன்ல நல்ல அடி போல. அடி வாங்குனவன் முதுக ஊரே பாக்கும். அடிச்சவன் தோளு எப்படியிருக்கும்னு எனக்குத்தான் தெரியும்.

பேச்சிராஜத்தான அடிச்சிய? எனக்கு யாரு சொல்லணும்? அவன் பொண்டாட்டி இசக்கிசெல்வி ஒங்க ஸ்டேஷன் வாசல்ல சாரல்ல நனைஞ்சுக்கிட்டு நிக்கா. இன்னைக்குச் சாயங்காலம் அவன கோர்ட்டுக்குக் கொண்டு போறியளாமே. ஆட்டோ ஓட்டுத பய, புரோட்டாக்கடை இசக்கிதுரை கைய வெட்டிட்டான்னு கேசு. அவன் வெட்டல ஏட்டையா. நான் சொல்லல, கடைப் பூனை சொல்லுது. வாயால இல்ல, வாலால.

முழுசாக் கேளுங்க. நீங்கல்லாம் நாய் வளத்த ஆளுக. பூனை வாலயும் நாய்க் கணக்குலயே பாக்கிய. நாய் வால ஆட்டுனா சந்தோசம். பூனை வால ஆட்டுனா யாருக்கோ சாவு. போன சீசன்ல ஐந்தருவியிலருந்து ஒரு கடுவன் குரங்கு வந்துச்சு. என் ஒசரம் இருக்கும். சரி, என் இடுப்பொசரம்னு வச்சுக்கிடுங்க. நேரா இசக்கிதுரை கடைக்குள்ள போயி சிக்கன்ல கைய வச்சிட்டு. பூனை மேசைக்கடியில படுத்திருக்கு. ஒடம்பு அசையல, வால் நுனி மட்டும் சொடுக் சொடுக்குன்னு துடிக்கி. அப்புறம் முழு வாலும் தரையில சாட்டை மாதிரி பளார் பளார்னு விழுது. பாஞ்சுது பாருங்க! குரங்கு காத அப்படியே கிழிச்சி, கண்ணுக்குக் கீழ வகுந்து, ரத்தம் சால்னா சட்டியில தெறிச்சுப்போச்சு. அன்னைக்குச் சால்னா நல்லாருக்குன்னு ரெண்டாந்தரம் வாங்கினான் ஒருத்தன். அந்தக் குரங்கு புளியரை தாண்டி ஓடுனதுதான், இப்பம் மலையாளம் பேசிக்கிட்டு அலையுதாம்.

பொய்யா? அப்பம் குரங்கத் தள்ளுங்க. வால விடாதிய. கைய இப்படி நீட்டுங்க.

பேச்சிராஜப் பாத்தா அந்தப் பூனைக்கு ஆகவே ஆகாது, அது நெசந்தான். அந்த மூதி ஒருக்கா கொதிக்கிற டீய அது முதுகுல ஊத்திட்டான். தோலு உரிஞ்சு தொங்குச்சு. அதுலருந்து அவன் ஆட்டோச் சத்தம் கேட்டாப் போதும், வாலு முடியெல்லாம் சிலுத்துக்கிட்டு பாட்டில் கழுவுத பிரஷ் கணக்கா வீங்கிரும். அதுதான் பயம். பஜார்ல எல்லாருக்கும் தெரியும்.

அதான் ஒங்களுக்கு வசதியாப் போச்சு. வெட்டு விழுந்த அன்னைக்கிக் காலையில பேச்சிராஜுக்கும் இசக்கிதுரைக்கும் கடை முன்னால ஆட்டோவ நிறுத்தக்கூடாதுன்னு சண்டை. ஒங்கைய எடுத்துருவேம்லேன்னு பேச்சிராஜும் கத்துனான். மத்தியானம் ஒருத்தன் ஹெல்மெட்டும் மழைக்கோட்டுமா அரிவாளோட உள்ள போறான். இசக்கிதுரை மாவு அடிச்சிக்கிட்டு இருக்கான். ஒரே வெட்டு. மாவுக்குள்ள விரலு. வெள்ள மாவு செவந்து, அதுக்குள்ள விரல் மோதிரத்தோட கெடக்கு. ரெண்டாவது வெட்டு மணிக்கட்டுல. எலும்புல அரிவாள் மாட்டிக்கிச்சு, காலால மிதிச்சு உருவுனான். நான் நேர் எதுத்தாப்புல இந்தப் பலகை மேலதான் இருந்தேன். என் எண்ணெக் குப்பி மேலயே தெறிச்சுது.

கடைக் கேமராவுல மூஞ்சி தெரியல. பூனை தெரிஞ்சுது. எஸ்.ஐ. ஐயா பாத்துட்டு என்ன சொன்னாராம்? பூனை வாலத் தூக்கிக்கிட்டு நடுங்குது பாருங்கய்யா, அதுக்கு யாரப் பாத்தா பயம், பேச்சிராஜப் பாத்தா, அப்பம் அவன்தான்னு. அங்கதான் தப்பு. நானும் அந்தப் பூனைய நேருல பாத்தேன். வால் வீங்கவே இல்ல ஏட்டையா. மெலிசா, நேரா, கம்பு மாதிரி நின்னுச்சு. நுனி லேசா வளைஞ்சு, அடியிலருந்து கிடுகிடுன்னு அதிருது. அது பயமில்ல. அது சோறு போடுத கையப் பாத்த சந்தோசம். ரத்தம் சொட்டுத அரிவாளோட அவன் வெளிய வருதான், இது அவன் கால உரசிக்கிட்டே பின்னால போவுது. பேச்சிராஜ் பின்னால போவுமா?

யாரு போடுதான்னா கேக்கிய? கடையில கோழி வெட்டுதவன்தான். குத்தாலிங்கம். தெனமும் கழுத்தும் ஈரலும் மொதல்ல பூனைக்கு, பொறவுதான் சட்டிக்கு. முந்தின வாரம் அவன் மக நிவேதா காலேஜ் விட்டு அப்பனப் பாக்க வந்த நேரம், சிக்கன் கருகிட்டுன்னு இசக்கிதுரை சுடுகரண்டியால அவன் கன்னத்துல இழுத்துட்டான். புள்ள பாத்துக்கிட்டே நிக்கா. குத்தாலிங்கம் நேரா வந்து, என் பக்கத்துல ஒக்காந்து, காயத்துக்கு எண்ணெ போடச் சொன்னான். போட்டேன்.

எந்திரிக்காதிய, இன்னும் கால் பாக்கி கெடக்கு. சாச்சிக்கு நானா? வக்கீலு எந்திரிச்சு, நீருதானே மலையாளம் பேசுத குரங்குக் கதை சொன்ன ஆளுன்னு கேப்பான், கோர்ட்டே சிரிக்கும். என்னய விடுங்க, அந்தக் கேமராவ வாலுக்காக ஒருக்கா திருப்பிப் பாருங்க.

நேத்து இசக்கிசெல்வி வந்தா. ஐயா, நீங்க எதுத்தாப்புலதான இருந்திய, யாருன்னு பாக்கலியான்னு கேட்டா. நாள் பூரா கதை அளக்குத வாயி, பாக்கலன்னு ஒரு பொய் வரமாட்டேங்கு.

குத்தாலிங்கம் ஆரியங்காவுல, ரப்பர் தோட்டத்துல அவன் மாமியா வீட்டுல இருக்கான். ஓட மாட்டான், ஓடத் தெரியாது. அடிக்கணும்னா அடிச்சுக்கிடுங்க, எடது தோளுல மட்டும் வேண்டாம். சின்னப்புள்ளையில அருவிப்பாறையில வழுக்கி எறங்குன தோளு. நாந்தான் எண்ணெ போட்டு ஏத்துனேன். எம் மவன்லா.

யார் சொன்னதுன்னு கேட்டா கேமராவுல தெரிஞ்சுதுன்னு மட்டும் சொல்லுங்க ஏட்டையா. ஆவுடைத்தாய் வந்து அழுது பொரண்டு கேட்டாலும் எம் பேரச் சொல்லிராதிய. அவனப் பெத்தவ அவ. ராத்திரி அவ கையாலதான் நான் சோறு திங்கணும்.