எந்த ராணி பழசு?

விழுப்புரத்தில் பஸ் ஏறியதிலிருந்து முன் சீட்டில் இருந்த அக்காளும் தங்கையும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விக்கிரவாண்டி தாண்டியதும் அக்காள் வெடித்தாள்.

"கொமரி எப்படிடீ கெழவிக்கு மூத்தவளாவா?"

எட்டிப் பார்த்தேன். அவள் உள்ளங்கையில் இரண்டு பவுன் காசுகள். ஒன்றில் வெள்ளைக்கார ராணி இளம்பெண்ணாக இருந்தாள். மற்றதில் முக்காடு போட்ட கிழவி.

"ரெண்டும் ஒரே ராணிதானாம் அக்கா. நகைக்கடைக்காரரு வருசத்தப் படிச்சாரே. சின்ன வயசுல அடிச்ச காசுதான் பழசாம். ஆனா எடையும் ஒண்ணு, வெலையும் ஒண்ணு."

"வெல யாருக்கு வேணும்? பழசு பெரியவளுக்குன்னு அம்மா சாவும்போது சொல்லிச்சா இல்லியா? இத்தினி நாளா கெழவிய வச்சிக்கினு ஏமாந்திருக்கேன். இனிமே கொமரி எனக்கு."

"அம்மாவுக்கு எழுத்து தெரியுமா? அதுவும் மூஞ்சியப் பாத்துத்தானே பழசுன்னு சொல்லியிருக்கும்?"

"அப்பாவுக்குப் படிக்கத் தெரியுமே. அவரு வருசத்தப் பாத்து அம்மாகிட்ட சொல்லியிருந்தா?"

திண்டிவனத்தில் எல்லோரும் இறங்க எழுந்தோம். அக்காள் மட்டும் விரித்த கையோடு உட்கார்ந்திருந்தாள்.

"அப்போ எனக்குன்னு அம்மா எதத்தான்டீ வச்சிட்டுப் போச்சு?"